வண்ண மீனுக்கு உடம்பு சரியில்லையா? நீல பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்க!

காலையில் எழுந்து தொட்டி விளக்கைப் போட்டால், நேற்று வரை துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த மீன் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கிறது. உடம்பெல்லாம் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அவ்வப்போது கல்லில் போய் உடம்பை உரசிக்கொள்கிறது. வீட்டுக் குழந்தை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்குக் கிளம்ப மனசில்லாமல் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது.

அடுத்து நடப்பது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒருவர் கடைக்கு ஓடுவார்.

"அண்ணா, மீன் மேல வெள்ளை வெள்ளையா இருக்கு..."

"இந்த நீல மருந்துல கொஞ்சம் சொட்டு விடுங்க சார், சரியாயிடும்."

அவர் திரும்பி வருவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கூழாங்கல்லை சோப்பு போட்டுத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பளபளவென்று புதுத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். மருந்தும் விட்டாச்சு, தண்ணீரும் மாத்தியாச்சு. ஆனாலும் மூன்றாம் நாள் மீன் மிதக்கும். பழி கடைக்காரர் தலையில் விழும். அந்த மீனைக் கொன்றதில் வெள்ளைப் புள்ளிக்குப் பாதிப் பங்கு என்றால், அவசரமாகச் செய்த அந்தச் சுத்தத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம். ஏனென்றால் மீன் வைத்தியத்தில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று சாயம், இன்னொன்று தண்ணீர். இரண்டும் அந்த ஊருக்கு அத்துப்படி.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

மீன் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் நீலம், பச்சை, மஞ்சள் பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். பெயர் என்னவாக இருந்தாலும், உள்ளே பெரும்பாலும் இருப்பவை சாயங்கள்தான். நீலம் என்றால் மெத்திலீன் ப்ளூ. பச்சை என்றால் மாலகைட் கிரீன். மஞ்சள் என்றால் பல சமயம் அக்ரிஃப்ளேவின்.

மெத்திலீன் ப்ளூவை 1876-ல் ஜெர்மனியின் ஹைன்ரிச் கேரோ என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அவர் வேலை பார்த்தது சாயத் தொழிற்சாலையில். பருத்திக்கு நீலம் ஏற்றுவதற்காக வந்த சரக்கு அது. பிறகு, சில நுண்ணுயிர்கள் இந்தச் சாயத்தை ஆர்வமாக உறிஞ்சிக்கொள்வதைக் கவனித்த பால் எர்லிஷ், 1891-ல் மலேரியா நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார். துணிக்கு வந்த சாயம் அப்படித்தான் மருந்து அலமாரிக்குள் நுழைந்தது. மாலகைட் கிரீனும் இதே வழிதான்; பட்டு, கம்பளி, தோலுக்குப் பச்சை ஏற்றியது, 1930-களில் மீன் பண்ணைகளில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தானது. இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை ஃபூகே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்து எழுதியதும் அதே 1876-ம் ஆண்டில்தான்.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் சாயப்பட்டறையில் இருக்கும் பொடியையே ஒரு சிட்டிகை போட்டால் என்ன?' என்று யாருக்காவது தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். தொழிலுக்கு வரும் சாயப்பொடியில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். உதாரணமாக, மாலகைட் கிரீனின் ஒரு வகை துத்தநாகக் குளோரைடோடு சேர்த்துத் தயாரிக்கப்படுவது. நூலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மீனின் செவுளுக்குத் துத்தநாகம் நஞ்சு.

கடையில் வாங்கும் பாட்டிலிலும் கவனம் தேவை. மாலகைட் கிரீனைச் சாப்பிடும் மீன்களுக்குப் பயன்படுத்த அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் உட்பட பல இடங்களில் தடை இருக்கிறது. புற்றுநோய் ஆபத்து பற்றிய சந்தேகம்தான் காரணம். அலங்கார மீனுக்குப் பயன்படுத்தும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பாட்டிலைத் தொடாமல் இருப்பது நல்லது. லேபிளில் எழுதியிருக்கும் அளவை மீறவே வேண்டாம்.

அளவு என்றதும்தான் பெரிய குழப்பம் வரும். 'எங்க வீட்டுத் தொட்டி எத்தனை லிட்டர்?' என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் சுமார் 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதித் தொட்டியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். மருந்து விடுவதாக இருந்தாலும் உப்பு போடுவதாக இருந்தாலும் இந்த எண் இல்லாமல் நடக்காது.

எந்தத் தண்ணீர்?

2019-ல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளியது நினைவிருக்கும். 1979-க்குப் பிறகு 40 ஆண்டுகள் கழித்து, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் வைபவம். அதற்கு முன்னால் அனந்தசரஸ் குளத்தின் நீரை இறைக்க வேண்டியிருந்தது. அதில் இருந்த மீன்களைப் பிடித்து, அருகே உள்ள பொற்றாமரைக் குளத்தில் விட்டார்கள். வைபவம் முடிந்து மூர்த்தி மீண்டும் குளத்துக்குள் போகும் நேரத்தில், 'எந்தத் தண்ணீரை நிரப்புவது?' என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

கண்ணாடித் தொட்டிக்கும் அதே கேள்விதான். ஆனால், வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை.

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். நம் வயிற்றைக் காப்பாற்றுகிற அதே குளோரின், மீனின் செவுளை அரித்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமென்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது.

போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் பல தெருக்களில் கடினத்தன்மை அதிகம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களைக் கேட்டால், கடின நீரில் சாயம் சரியாக ஏறாது என்பார்கள். மீன் அந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது. கப்பி, மோலி போன்றவை கடின நீரில் நன்றாகவே வாழும். எந்தத் தண்ணீரில் பழகியதோ அதிலிருந்து சட்டென்று வேறு தண்ணீருக்கு மாற்றுவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

இன்னொரு தவறு, 'குடிக்கிற தண்ணீரே ஊத்தறோம்' என்று பெருமையாக 20 லிட்டர் கேனைக் கவிழ்ப்பது. கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் தாதுக்கள் மிகக் குறைவு. தண்ணீரின் அமிலத் தன்மை ஏறாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தாதுக்கள்தான். அவை இல்லாவிட்டால் சில வாரங்களில் தொட்டி புளித்துப்போகும். கடின நீரை இளக்க வேண்டும் என்றால் கொஞ்சம் கலக்கலாம். முழுக்க அதையே நிரப்பக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

மீன் சாப்பிடுகிறது, கழிக்கிறது. சாப்பிடாத உணவு அடியில் அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா உருவாகும். அது கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும், மோந்து பார்த்தாலும் தெரியாது. கொஞ்சம் கூடினாலே செவுள் எரிந்து, மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்.

தொட்டிக்குள் ஒரு பாக்டீரியா கூட்டம் குடியிருப்பதால்தான் மீன்கள் பிழைத்திருக்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு வகை முதல் பாதி வேலையையும் இன்னொரு வகை இரண்டாம் பாதியையும் செய்கின்றன என்றுதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தார்கள். இரண்டையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்துமுடிக்கும் என்று 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஓர் ஆய்வுக் குழுவுக்கு அது சிக்கியது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்.

இந்தக் கூட்டம் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஃபில்டர் பஞ்சு, கூழாங்கல், தொட்டிச் சுவர் என்று எல்லாவற்றிலும் வழவழப்பாக ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து சோப்பு போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து எடுத்தால், அத்தனையும் காலி. தொட்டி பளிச்சென்று இருக்கும். அடுத்த வாரம் அம்மோனியா ஏறும். எதிர்ப்புச் சக்தி குறைந்த மீனுக்கு ஏதாவது ஒரு நோய் வரும். மெத்திலீன் ப்ளூவும் இந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லக்கூடியதுதான். அதனால் அந்த மருந்தைத் தனி வாளியில் வைத்துப் பயன்படுத்துவதே சரி. டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற பழக்கமும் அப்படித்தான். கூடவே, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டுச் சாக்கடை வழியாக ஊருக்கும் அனுப்பிவைக்கிறோம்.

அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது? வாரம் ஒரு முறை, கால்வாசித் தண்ணீரை மட்டும் ஒரு டியூப் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். டியூப் முனையைக் கல்லுக்குள் லேசாகச் செருகினால் அழுக்கும் சேர்ந்து வரும். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுங்கள். பஞ்சு வெள்ளையாகும் வரை பிழியக் கூடாது, பழுப்பாகவே இருக்கட்டும். கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைக்க சோப்பு படாத ஒரு பஞ்சு போதும். பிறகு குளோரின் போக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மொத்தம் 20 நிமிட வேலை.

'டேங்க் கிளீனர்' என்று ஒரு சக்கர் மீனை வாங்கிப் போட்டால் இந்த வேலை மிச்சம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது பாசியைக் கொறிக்கும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அது போடும் கழிவைப் பார்த்தால் நீங்களே திகைத்துப்போவீர்கள்.

வெள்ளைப் புள்ளி வந்தே விட்டதா?

காஞ்சிபுரம் வெயிலில் கோடைக்காலத் தொட்டி தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். மழைக்காலம் முடிந்து மார்கழி இரவுகளில் தண்ணீர் குளிரும்போதும், பகலில் ஏசி ஓடி இரவில் நிற்கும் அறைகளிலும்தான் இந்த நோய் எளிதாகத் தலைகாட்டும். புதிதாக வாங்கிய மீனோடு சேர்ந்து வருவதும் உண்டு.

மீன் மேல் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. எந்த மருந்தும் அங்கே எட்டாது. அது வளர்ந்து, உதிர்ந்து, கல்லில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்திப் போய் அடுத்த மீனைப் பிடிப்பதற்குள் இரண்டு நாள் அவகாசம்தான். மருந்தோ உப்போ வேலை செய்வது அந்த இடைவெளியில் மட்டுமே. 'மருந்து விட்டும் புள்ளி போகலையே' என்று இரண்டாம் நாளே இரண்டு மடங்கு ஊற்றுவதும், புள்ளி மறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்துவதும் ஏன் தப்பு என்று இப்போது புரியும்.

கையில் கல் உப்பு இருந்தால் அதிலேயே தொடங்கலாம். லிட்டருக்கு 2 கிராம். 45 லிட்டர் தொட்டிக்கு 90 கிராம். அதை மூன்று பங்காக்கி, தண்ணீரில் கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 30 வரை ஏற்றுங்கள். ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி, சீக்கிரம் உதிரும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் தங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே ஏரேட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதைத் தொடருங்கள்.

தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கோரிடோரஸ் போன்ற செதில் இல்லாத மீன்களுக்கும், உயிருள்ள செடிகளுக்கும் உப்பு ஆகாது. இவை இருக்கும் தொட்டியில் செடிகளையும் அந்த மீன்களையும் என்ன செய்வது என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். மருந்து விடும் நாள்களில் ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சிவிடும். வைத்தியம் முடிந்ததும் அதே கரியைப் புதிதாகப் போட்டால், மிச்சமிருக்கும் மருந்தை அது எடுத்துவிடும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். துடுப்பு ஓரம் கிழிந்து வெள்ளையாக அழுகினால், முக்கால்வாசி நேரம் தண்ணீர்தான் காரணம். ஒரு வாரம் தினமும் கால்வாசி மாற்றிப் பாருங்கள். தங்கமீன் தலைகீழாகவோ ஒரு பக்கமாகவோ மிதந்தால், பெரும்பாலும் அதிகத் தீனியால் வரும் கோளாறு. இரண்டு நாள் பட்டினி போட்டுவிட்டு, வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைத் துளித்துளியாகக் கொடுக்கலாம். வயிறு வீங்கிச் செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்றால் அது சிறுநீரகம் வரை போன விஷயம். பிழைப்பது அரிது. தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றப் பாருங்கள்.

நோயே இல்லாமல், எல்லா மீனும் ஒரே இரவில் தவித்தால் வேறு காரணம் தேட வேண்டும். கொசுவத்தியும், பிளக்கில் மாட்டும் கொசு மருந்தும் ஏரேட்டர் பக்கத்தில் இருக்கின்றனவா பாருங்கள். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுவதுதான் ஏரேட்டரின் வேலை. அந்தக் கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு நமக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது. மீனுக்குக் கடும் விஷம்.

மருந்துகளுக்கு அடங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உதவியை நாடலாம். சென்னை மாதவரத்திலும் அதற்கு வளாகம் உண்டு. நோயுற்ற மீனை உயிரோடு, அதன் சொந்தத் தண்ணீரிலேயே எடுத்துப்போக வேண்டும். நேற்றே செத்துப்போன மீனைப் பார்த்து நோயைச் சொல்வது கஷ்டம். பண்ணை வைத்திருப்பவர்களுக்காக மத்திய அரசு 2023 ஜூனில் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியையும் கொண்டுவந்திருக்கிறது.

குளத்தில் விட்டுவிடலாமா?

நோய் முற்றிய மீனைச் சாகடிக்க மனசு வராது. தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்ட சக்கர் மீனை என்ன செய்வதென்று தெரியாது. காஞ்சிபுரத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு குளம் வரும்: சர்வ தீர்த்தம், ரங்கசாமி குளம், மங்கள தீர்த்தம். பொரி போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வருவதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். 'அங்கேயே விட்டுடலாம்பா, சந்தோஷமா இருக்கும்' என்பார்கள். புண்ணியம் என்று பெரியவர்களும் சொல்லக்கூடும்.

அங்கே இருக்கும் மீன்களுக்கு அது பெரும் தொல்லை. தொட்டி மீனோடு ஒட்டுண்ணியும் கிருமியும் குளத்துக்குள் போகும். குளத்து மீனைப் பிடித்து உப்புத் தண்ணீரில் வைத்தியம் பார்க்க யாராலும் முடியாது. சக்கர் மீன் இன்னும் மோசம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது ஓர் அடிக்கு மேல் வளரும், முள் கவசம் போட்டது, இங்கே அதைத் தின்ன அவ்வளவாக எதுவும் இல்லை. தொட்டிகளிலிருந்து தப்பியும் தூக்கிப் போடப்பட்டும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிவிட்டது. மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

வளர்ந்த மீனை, வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பல கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். செத்த மீனை மண்ணில் புதைத்துவிடுங்கள், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுத்த முறை புது மீன் வாங்கும்போது, அது கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் வந்திருந்தாலும் சரி, பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்தாலும் சரி, நேராகத் தொட்டியில் விடாதீர்கள். பையை 15 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து, தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். பையிலிருந்த தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

உப்போ மருந்தோ கலந்த தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். மற்றபடி வாராவாரம் தொட்டியிலிருந்து எடுக்கும் அழுக்கு நீரை அப்படியே கொல்லையில் இருக்கும் செம்பருத்திக்கு விடலாம். அதில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு நல்ல உரம்.